முசுட்டை: ஒரு பிழைதிருத்தம்

நம் கழகத்தின் 2002-ஆம் ஆண்டிதழ் யாரிடமேனும் பத்திரமாக இருக்குமானால், அதில் அம்மம்மாவின் அடுப்படியைப் பற்றிய ஒரு கட்டுரையைத் தேடிப் பாருங்கள். எழுதியவள் நான்தான். அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. இதழாசிரியர் குழுவிலும் இருந்தேன். அக்கட்டுரையின் நடுவே 'கீரைப் பொரியல்' என்று அச்சாகியிருக்கும். அது பிழை. அச்சகத்தார் செய்த பிழையன்று; நானே அறிந்து செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட பின்னர், அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய சொல் 'முசுட்டை வறை'.

நான் பிறந்து வளர்ந்தது ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரில். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை 1909-ஆம் ஆண்டு முழுமை பெற்றது. அந்தப் பாதையோடு சேர்ந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் நிலைய அதிபர்களும். என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். 1940-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், அவரை மணந்துகொண்டு அம்மம்மா கொழும்பில் கப்பல் ஏறினார். பினாங்கில் இறங்கி, இரயிலில் குளுவாங்கிற்கு வந்தார். கொண்டுவந்த பெட்டியில் இரண்டு சேலைகளும், ஒரு தேங்காய்த் துருவலையும், ஒரு சிறு துணிமுடிச்சும் இருந்தனவாம். முடிச்சுக்குள் விதைகள். வீட்டு வேலியில் படர்ந்திருந்த முசுட்டைக் கொடியின் விதைகள்.

விதை முளைத்ததாம். இரண்டு சாண் வளர்ந்ததாம். பிறகு அழுகிப் போயிற்றாம். "இந்த ஊரிலை மழை விட்டால்தானே அது மூச்சு விடும்" என்பார் அம்மம்மா. அவர் சொன்னது சரிதான். முசுட்டை வறண்ட நிலத்துக் கொடி. நாலு மாதம் மழையைக் குடித்துவிட்டு எஞ்சிய மாதங்கள் வெயிலில் கிடக்கப் பழகியது. ஆண்டு முழுவதும் நனைந்து கிடக்கும் ஜொகூர் மண் அதற்கு ஒத்துவரவில்லை.

1942 ஜனவரி இறுதியில் குளுவாங் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அரிசி அருமையாயிற்று. இரயில் குடியிருப்பின் பின்புறம் எல்லாரும் மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சக்கரவள்ளிக்கு வத்தாளை என்று பெயர். கிழங்கு முற்றும்வரை காத்திருக்க முடியாமல், அம்மம்மா வத்தாளை இலையைக் கிள்ளினார். சுருட்டிப் பிடித்து நூல் நூலாக அரிந்தார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ சேர்த்துச் சட்டியில் வறுத்து எடுத்தார். ஊரில் முசுட்டை இலைக்குச் செய்யும் அதே பக்குவம். தாத்தாவின் தட்டில் வைத்தபோது, "இது என்ன?" என்று அவர் கேட்டாராம். "முசுட்டை வறை" என்று அம்மம்மா சொன்னாராம். தாத்தா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாராம்.

போர் முடிந்தது. அரிசி வந்தது. ஆனால் அந்த வறைக்கு வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். ஆறு வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். முசுட்டை என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் உண்ட, அம்மம்மாவைத் தவிர யாருமே கண்டிராத ஓர் இலை.

தமிழ்ப்பள்ளிக்குப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். நான் 'எண்டு' என்றால் சிரிப்பார்கள். 'வறை' என்றால் அறை என்று கேட்டு, "எந்த அறை?" என்பார்கள். விளையாட்டுச் சிரிப்புதான், ஆனால் பத்து வயதில் அது முள்ளாய்த் தைத்தது. வீட்டுக்கு ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ் என்று பிரித்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்கு வந்து கழகத்தில் சேர்ந்தபோது வெளித்தமிழில் நன்றாகத் தேறியிருந்தேன். இதழுக்கு வரும் படைப்புகளில் வட்டாரச் சொல் இருந்தால் சிவப்பு மையால் வட்டமிடும் பொறுப்பும் எனக்குக் கிடைத்தது. மிகவும் பெருமையாக அதைச் செய்தேன்.

என் கட்டுரையிலும் வட்டமிட்டேன். முதல் படியில் 'முசுட்டை வறை' என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு யோசித்தேன். வாசகருக்குப் புரியாது. அது கொச்சையாகத் தெரியும். தவிர, அம்மம்மா சமைப்பது முசுட்டையும் அல்லவே, வத்தாளை இலைதானே! உயிரியல் படிக்கும் நான் தவறான தாவரப் பெயரை அச்சில் ஏற்றலாமா? எல்லாவற்றுக்கும் நல்ல வழி 'கீரைப் பொரியல்' என்று தோன்றியது. மாற்றிவிட்டேன்.

விடுமுறையில் இதழை எடுத்துக்கொண்டு குளுவாங்கிற்குப் போனேன். அம்மம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கப்பல் வந்தது. இரயில் வந்தது. ஜப்பானியர் வந்தார்கள். 'கீரைப் பொரியல்' வந்தது. அம்மம்மா கையை உயர்த்தினார்.

"கீரையோ? எந்தக் கீரை?"

"உங்கட வறைதான் அம்மம்மா. எல்லாருக்கும் விளங்கட்டும் எண்டு…"

"நான் முசுட்டை எண்டெல்லோ சொன்னனான்."

"அது முசுட்டை இல்லைத்தானே அம்மம்மா. வத்தாளை இலைதானே."

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது வத்தாளை எண்டு எனக்குத் தெரியாதே பிள்ளை? நட்டது நான், கிள்ளினது நான். அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் மறக்காமல் வச்சிருக்கிறன். நீ அதையும் எடுத்துப் போட்டாய்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மீதிப் பக்கங்களை நான் வாசிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, அதாவது 2003-இல், எங்கள் வகுப்பினர் களப்பயணமாக எண்டாவ்–ரொம்பின் காட்டிற்குச் சென்றோம். குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாகத்தான் பாதை. என் வீட்டுக்கு அருகில் இருந்தும் அதுவரை நான் போனதில்லை. காஹாங்கைத் தாண்டியதும் செம்பனைத் தோட்டங்கள், அதற்கப்பால் செம்மண் தடம். நான்கு சக்கர இயக்க வண்டியில் குலுங்கிக் குலுங்கி, ஜக்குன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பேத்தாவை அடைந்தோம். 1985, 86-ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணத்தால் உலகம் அறிந்த காடு அது.

இரண்டாம் நாள் காலை, காட்டுப் பாதையில் விரிவுரையாளர் திடீரென நின்றார். தரையில் சிறுசிறு வெளிர்மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து உருப்பெருக்காடியில் காட்டினார். ஐந்து இதழ், ஒவ்வோர் இதழும் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. "செடி எங்கே, கண்டுபிடியுங்கள்" என்றார். நாங்கள் புதர்களைத் தேடினோம். அவர் சிரித்துவிட்டு எங்கள் அருகில் நின்ற ஒரு தண்டைத் தட்டினார். நான் அதை மரம் என்றே எண்ணியிருந்தேன். தொடையளவு தடிமன். பட்டை வெடித்து, வயிரம் பாய்ந்து, முறுக்கிக்கொண்டு மேலே போய்க் காட்டின் கூரையில் மறைந்திருந்தது. அது மரமன்று, கொடி.

எரிசிபி என்று பேரினப் பெயரைச் சொன்னார். ஆசியாவின் வெப்பக் காடுகளிலும் ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் எழுபது இனங்கள் வரை உண்டு. பெரும்பாலானவை இப்படி மரமேறும் கொடிகள். பெயரிட்டவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அவர், கோரமண்டல் கரையின் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூல் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எரிசிபி இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றது. கோரமண்டல் என்பது நம் சோழமண்டலமே என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. ஜொகூர்க் காட்டில் நிற்கும் ஒரு கொடிக்கு நம் கரையிலிருந்து பெயர் வந்திருக்கிறது!

"இதன் குடும்பம் என்ன?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "நீங்கள் எல்லாரும் உண்ணும் குடும்பம்தான். கங்கோங்கும் கெலெடேக்கும் இதற்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கங்கோங் நம் வள்ளைக்கீரை, கெலெடேக் சக்கரவள்ளி. கான்வல்வுலேசியே என்ற அக்குடும்பத்தில் சுமார் அறுபது பேரினங்களும் 1,600-க்கு மேற்பட்ட இனங்களும் அடங்கும். 'சுற்றிக்கொள்வது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். தண்ணீரில் மிதப்பது, தரையில் படர்வது, வேலியில் சுற்றுவது, காட்டின் கூரைக்கே ஏறுவது என எல்லாம் ஒரே குடும்பத்தார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த ஜக்குன் பெரியவர் அந்தத் தண்டைத் தொட்டு அவர்கள் வழங்கும் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் என் குறிப்பேட்டில் இலத்தீன் பெயரை மட்டும் எழுதினேன். தேர்வில் கேட்கப்போவது அதுதானே! அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. நாள், நேரம், கடல்மட்டத்திலிருந்து உயரம், பூவிதழ் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றன. அவர் சொன்ன பெயர் மட்டும் இல்லை.

திரும்பும் முன் அரைநாள் மெர்சிங் கடற்கரையில் கழித்தோம். மணல்மேட்டில் ஊதாப்பூக் கொடி ஒன்று ஓடிக் கிடந்தது. அதுவும் அக்குடும்பமே என்றார் விரிவுரையாளர். இரண்டாகப் பிளந்த அதன் இலையைப் பார்த்து மலாய்க்காரர்கள் குதிரைக் குளம்பு என்று பெயர் வைத்தார்கள். இலத்தீனில் வைத்தவர்களுக்கு அது ஆட்டுக்கால். நமக்கு அது அடும்பு. குறுந்தொகைப் புலவர் ஒருவருக்கு அதே இலை மானின் அடியாகத் தெரிந்திருக்கிறது. அந்தச் செய்யுளை நான் படித்திருந்தேன். ஆனால், படித்த அடும்பும் காலடியில் கிடந்த கொடியும் ஒன்றுதான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அம்மம்மாவின் சொல் மனத்தில் உறுத்தத் தொடங்கியது. முசுட்டை என்பது உண்மையில் என்ன?

கோலாலம்பூர் திரும்பியதும் நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை எடுத்தேன். கொச்சை என்று நான் ஒதுக்கிய சொல் அங்கே இருந்தது. தாவரவியல் பெயரும் இருந்தது: ரிவியா. குடும்பத்தைத் தேடினேன். கான்வல்வுலேசியே! வயிரம் பாய்ந்த பெருங்கொடி. இதய வடிவ இலை; அடிப்புறம் வெள்ளிபோல் மென்மயிர். நீண்ட குழல்போன்ற வெண்பூ, இரவில் விரிந்து மணப்பது. அம்மம்மா பஞ்சகாலத்தில் முசுட்டைக்குப் பதிலாகக் கிள்ளிய வத்தாளை, முசுட்டைக்கு இரத்த உறவு. தாவரவியல் படிக்காத கை அதன் உறவுக்காரியையே போய்த் தொட்டிருக்கிறது. அவர் நாக்கு சொல்லியதோ, இலையின் வழுவழுப்பு சொல்லியதோ, நான் அறியேன்.

அதோடு முடியவில்லை. முசுட்டைக்கும் முசுண்டைக்கும் ஒரே செடியைத்தான் அகராதி காட்டியது. முசுண்டை என்ற சொல்லை நான் எங்கோ பார்த்திருந்தேன். பத்துப்பாட்டைப் புரட்டினேன். நக்கீரரின் நெடுநல்வாடை, 188 அடிகள் கொண்ட பாட்டு. மழை பெய்து குளிரெடுத்து, கோவலர் கைகளை நெருப்பில் காய்ச்சும் அந்தத் தொடக்கப் பகுதியிலேயே, பொன்னிறப் பீர்க்கம் பூவோடு சேர்ந்து புதர்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது முசுண்டை. மலைபடுகடாத்திலும் இருக்கிறது. அங்கே அதன் வெண்பூக்களுக்கு இருண்ட வானில் தெரியும் கார்த்திகை மீன்கள் உவமையாகின்றன. இரவில் பூக்கும் வெள்ளைப் பூவுக்கு வேறு எதை உவமை சொல்வது?

புத்தகத்தை மூடாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். நெடுநல்வாடை எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசப்பட்ட பாட்டு. முசுண்டைக்கு அருஞ்சொற்பொருள் 'ஒருவகைக் கொடி' என்று நானும் எழுதி வைத்திருந்தேன். ஒருவகைக் கொடி! அதன் இலையை எப்படி அரிவது, எதைச் சேர்த்து வறுப்பது என்று தெரிந்த ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து பிடுங்கிய சொல்லைத்தான் நான் அருஞ்சொல் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாரமே குளுவாங்கிற்குப் பேருந்து ஏறினேன். அம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பாட்டில் உங்கள் முசுட்டை இருக்கிறது, புலவர் பாடியிருக்கிறார் என்றேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவையளும் வறை வறுத்தவையோ?"

"அது பாட்டிலை இல்லை அம்மம்மா. பூவைப் பற்றித்தான் இருக்கு."

"பூவைப் பாத்தவைக்கு இலை தெரியாமலே இருக்கும்?" என்று சிரித்தார். அன்று மத்தியானம் முசுட்டை வறை செய்தார். நான்தான் பின்புறம் போய் வத்தாளை இலை கிள்ளி வந்தேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன் என்று அவருக்குச் சொன்னேன். இறுதியாண்டுத் தேர்வு, ஆய்வேடு, வேலை தேடல் என்று அது தள்ளிப் போயிற்று. 2004-இல் அம்மம்மா மறைந்தார். அதன் பிறகு யாருக்காகத் திருத்துவது என்று விட்டுவிட்டேன்.

2018-இல் முதன்முறையாக யாழ்ப்பாணம் போனேன். போரினால் 1990-இல் நின்றுபோன இரயில் 2014-இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியிருந்தது. இரயில்காரர் வீட்டுப் பேத்தி என்பதால் கொழும்பிலிருந்து இரயிலிலேயே போனேன். தென்மராட்சியில் ஓர் உறவினர் வீடு. மாலை வெயில் இறங்கும் நேரம், கிளுவை வேலியின்மேல் ஒரு கொடி அடர்ந்து கிடந்தது. அடித்தண்டு என் மணிக்கட்டளவு. இலையைத் திருப்பினேன், வெள்ளி. கேட்பதற்கு முன்பே அத்தை சொன்னார்: "உது முசுட்டை. நாளைக்கு வறை செய்து தாறன்."

இரவு வேலியோரம் போய்ப் பார்த்தேன். ஏழெட்டுப் பூக்கள் விரிந்திருந்தன. மின்விளக்கு இல்லாத ஒழுங்கை. கறுப்பு வேலியில் வெள்ளைப் புள்ளிகள். மலைபடுகடாம் பாடியவர் மிகைப்படுத்தவில்லை.

மறுநாள் வறை வந்தது. உண்மையைச் சொல்வதானால், சுவை அம்மம்மாவின் வறையைப் போல இல்லை. சற்றுக் கனமாக, ஒரு மெல்லிய கசப்போடு இருந்தது. அறுபது ஆண்டுகளாக அவர் நாக்கு இந்தக் கசப்பைத் தேடியிருக்கும். ஒவ்வொரு முறையும் அது இல்லை என்று அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஆனாலும் தட்டில் வைக்கும்போது முசுட்டை என்றே சொல்லியிருக்கிறார்.

விதை கொஞ்சம் எடுத்துப் போகிறாயா என்று அத்தை கேட்டார். விதை கொண்டுபோவதற்கு இப்போது சட்டதிட்டங்கள் உண்டு. ஜொகூர் மழையைப் பற்றியும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். அம்மம்மாவின் முடிச்சில் விதையோடு சேர்ந்து வந்த சொல்லையாவது நட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்கும் இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதழ்க் குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டி ஒரு களைக்கு வைத்த பெயராக இருக்கலாம். காட்டை அறிந்த ஒருவர் உங்கள் முன் இரண்டு முறை சொல்லும் பெயராக இருக்கலாம். அகராதியில் இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு மையைக் கையில் எடுக்கும் முன், சொன்னவர் உயிரோடு இருக்கும்போதே, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி, திருத்தம்:

2002-ஆம் ஆண்டிதழில், அம்மம்மாவின் அடுப்படியைப் பற்றிய கட்டுரையில், 'கீரைப் பொரியல்' என்று இருப்பதை 'முசுட்டை வறை' என்று திருத்தி வாசிக்கவும்.